பொய்ச் சுங்கம்

"பாப்பா, இந்தப் படத்தை மெயில்ல எப்படிச் சேர்க்கறது?"

அண்ணன் நேற்றும் இதையேதான் கேட்டான். போன வருடமும் கேட்டான்.

"ஓரத்துல காகித ஊக்கு மாதிரி ஒண்ணு இருக்கும் பாரு. அதை அழுத்து."

"ஊக்கு எங்க இருக்கு?"

பாப்பா வாயைத் திறப்பதற்குள் அண்ணி வந்து, கணவனின் கையை மவுஸிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரே அழுத்தில் படத்தை அனுப்பிவிட்டுப் போனாள்.

புத்தகச் சந்தையில் கடை போட்டால் அண்ணன் ராஜா. வேறெங்கோ போகிறவனையும் நிறுத்தி, பேச்சிலேயே அவன் பைக்குள் புத்தகத்தைப் போட்டுவிடுவான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. இந்த வீட்டின் கடவுச்சொல் ஒன்றுகூட அவனுக்குத் தெரியாது. எல்லாம் அண்ணியின் விரல் நுனியில்.

மற்ற நாளாக இருந்தால் பாப்பா சிரித்திருப்பாள். நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதில் இன்னமும் பாப்பா என்று கூப்பிடுகிறானே என்று முறைத்தும் இருப்பாள். இன்றைக்கு இரண்டுக்கும் மனம் இல்லை. நீரடி நகரத்தை வாங்க ஒருவர் வருகிறார்.

போன வாரம் அந்த அழைப்பு வந்ததிலிருந்து மூன்று பேரும் பூனை நடையாகத்தான் நடக்கிறார்கள். பலமாகப் பேசினால்கூட வந்த அதிர்ஷ்டம் பயந்து ஓடிவிடுமோ என்று பயம்.

இந்த வீட்டுத் தொழில் என்னவென்று யாராவது கேட்டால் அண்ணன் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: "வீட்டோட மாப்பிள்ளை."

உலகம் முழுக்க ஆடுகிற ஒரு கதை ஆட்டம் இருக்கிறது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்வார்கள். ஒருவர் ஊரைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து அந்த ஊருக்குள் நடப்பார்கள். தகராறு வந்தால் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். அந்த ஆட்டம் ஒரு பெரிய கம்பெனிக்குச் சொந்தம். அதன் விதிகளை வைத்துக்கொண்டு புதுப்புது ஊர்களும் பேய்களும் புதையல்களும் எழுதி, புத்தகமாகப் போட்டு விற்பதுதான் இவர்கள் வேலை. வீடு அவர்களுடையது, சமையல் இவர்களுடையது. அதனால்தான் அந்தக் கம்பெனிக்கு இங்கே 'மாமனார்' என்று பெயர்.

மாமனார் தாராளமானவர்தான், ஒரு எல்லை வரைக்கும். அவருடைய விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவருடைய புகழ்பெற்ற அரக்கர்களையும் ஊர்களையும் மட்டும் தொடக் கூடாது. அப்படித் தொடாமல் எழுதி, வெளியே தனியாக விற்றால், நீங்கள் கற்பனை செய்தது உங்களுக்கே சொந்தம்.

இன்னொரு வழியும் உண்டு. மாமனார் தானே இணையத்தில் ஓர் அங்காடி வைத்திருக்கிறார். கூட்டமெல்லாம் அங்கேதான். அதற்குள் போய்க் கடை போட்டால் அவருடைய அரக்கர்களைக்கூட இஷ்டம்போல ஆட்டி வைக்கலாம். ஆனால் அங்கே வைத்த சரக்கு அங்கேயேதான். எழுதியவரே கெஞ்சினாலும் அதை வெளியே கொண்டுவந்து விற்க முடியாது. அங்கே கடை போட்டிருக்கிற எவரும் அதை எடுத்துத் தன் புத்தகத்தில் வைத்துக்கொள்ளலாம். இந்த வீட்டில் அதற்கு 'உள்வீடு' என்று பெயர்.

பாப்பா ஆரம்பத்திலேயே கோடு கிழித்துவிட்டாள். பேய், பிசாசு, புதையல் எது வேண்டுமானாலும் உள்வீட்டுக்குப் போகட்டும். நீரடி நகரத்திலிருந்து ஒரு செங்கல்கூடப் போகக் கூடாது.

நீரடி நகரம் அவள் கட்டியது. ஏரிக்கு அடியில், தண்ணீரைக் கூரையாக வைத்துக்கொண்டு வாழும் ஊர். எந்தத் தெருவில் ஈரம் சொட்டும், எந்த மாடியில் துணி காயாது, எந்த வீட்டுப் பெண் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கல்யாணம் வேண்டாம் என்றதும், நல்ல வேலையை விட்டதும் இந்த ஊருக்காகத்தான். புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அண்ணி ஓரக் கோலங்கள் வரைந்து, எழுத்தை அடுக்கிப் பக்கம் கட்டி முடித்து, தன் கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருக்கிறாள்.

அந்த ஊரைத்தான் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று கேட்டிருந்தது. கைகூடினால் வீட்டோட மாப்பிள்ளை வாழ்க்கை முடிந்தது. பாப்பாவின் ஊர், பாப்பாவின் பெயரில், மாமனார் தயவில்லாமல் தனிக்குடித்தனம் போகும்.

போனில் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. இதில் ஏதாவது மாமனாரின் அங்காடிக்குள் போயிருக்கிறதா?

"ஒரு செங்கல்கூட இல்ல மேடம்" என்று சொன்னவன் அண்ணன்தான்.

*

வந்த பெண்மணி எளிமையாக இருந்தார். பருத்திச் சட்டை, தோளில் துணிப்பை, நரையை மறைக்காத தலை. ஜன்னல் வரைக்கும் அடுக்கியிருந்த புத்தகப் பெட்டிகளையும், தரையில் உருண்டு கிடந்த ஒட்டுநாடாவையும் பார்த்துவிட்டு, தன்னுடைய முதல் ஆபீஸும் இப்படித்தான் இருந்தது, உட்கார ஒரு பெட்டியைத்தான் இழுத்துப் போடுவோம் என்றார். அண்ணன் அவசரமாக ஒரு நாற்காலியைத் துடைத்தான்.

மாடியில் பல் டாக்டர் யாருக்கோ துளை போட ஆரம்பித்தார். அந்தச் சத்தம் கூரை வழியாக இறங்கி மேசைக் கால் வரைக்கும் வந்தது.

"பழகிடும் மேடம்" என்றான் அண்ணன். "எங்க கதைல வர்ற அலறலெல்லாம் அங்கேர்ந்து இறங்கினதுதான்."

அவர் சிரித்தார். பிறகு வந்த காரியத்துக்கு வந்தார். சுருக்கத்தைப் படித்துவிட்டாராம். ஒப்பந்தத்துக்கு முன்னால் ஊருக்குள் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பாப்பா மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தாள். ஆட்டத்தை நடத்துகிறவரை இந்த வீட்டில் 'மேசைக்காரி' என்பார்கள். இந்த மேசைக்கு ஒரு சட்டமும் உண்டு: ஒத்திகை ஆட்டத்தில் யார் வாயிலிருந்து என்ன கற்பனை விழுந்தாலும் அது மேசைக்காரிக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒத்திகை நடக்கும். ஆடுகிறவர்கள் போகிறபோக்கில் எதையாவது சொல்வார்கள். நல்லதாக இருந்தால் பாப்பா எடுத்துப் புத்தகத்தில் வைத்துக்கொள்வாள். யாரும் இதுவரை ஏன் என்று கேட்டதில்லை.

வந்தவர் ஒரு திருடியாக வேஷம் எடுத்தார். அண்ணி வழக்கம்போல வரைபடம் விற்பவள். அண்ணனும் வழக்கம்போலப் படகோட்டி. எத்தனையோ வருடமாக அவனுக்கு அந்த ஒரே வேஷம்தான்.

பாப்பா ஆரம்பித்தாள். ஏரியின் நடுவில் படகு நிற்கிறது. தண்ணீருக்குள் ஒரு படிக்கட்டு இறங்குகிறது. இறங்க இறங்க மூச்சு முட்டாதது ஆச்சரியம். பச்சை வெளிச்சம். காலுக்கடியில் வழுக்கும் கல். பேசப் பேச அவள் குரல் மாறியது. கடைக்குப் போய் மீதிச் சில்லறை கேட்கத் தயங்கி நிற்கிற பெண் இல்லை இவள். வந்தவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அண்ணி மேசைக்கு அடியில் பாப்பாவின் முழங்காலைத் தட்டினாள். விழுந்துவிட்டார் என்று அர்த்தம்.

"படி முடியற இடத்துல பெரிய கதவு" என்றாள் பாப்பா. "முன்னால ஸ்டூல் போட்டு ஒரு காவல்காரி உக்காந்திருக்கா. கிழவி. வாயில ஒரு பல்லுகூட இல்ல. கையை நீட்டிச் சுங்கம் கேக்கறா."

"பொய்தானே?" என்றார் வந்தவர்.

மாடியில் துளை போடுவது நின்றிருந்தது.

"என்ன சொன்னீங்க?"

"அந்தக் காவல்காரி காசு வாங்க மாட்டா. ஆளுக்கொரு பொய் சொல்லணும். பொய்யா இருந்தா கதவு திறக்கும், உண்மையைச் சொல்லிட்டா திறக்காது. சரிதானே?" அவர் முகத்தில் கள்ளம் இல்லை. தெரிந்த வீட்டுக்கு வந்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. "போன மழைக்காலத்துல எங்க ஆபீஸ்ல இதை ஆடினோமே. குட்டிப் புத்தகம். இருங்க, அது..."

சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். எங்கே வாங்கிய புத்தகம் என்பது அவருக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உள்வீட்டில் வாங்கியது.

பாப்பா அண்ணனைப் பார்த்தாள். அச்சுக்கே போகாத புத்தகத்தின் காவல்காரி எப்படி ஊர் ஊராகப் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்? இந்த வீட்டில் மூன்று பேர். அண்ணி பகடையைக் கையில் வைத்து அதன் முகங்களைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"படகோட்டி" என்றாள் பாப்பா. மேசைக்காரியின் குரலை அவள் இறக்கவில்லை. "உன் முறை. சுங்கம் கட்டு."

"பாப்பா, ஆட்டத்தை அப்புறம்..."

"கட்டு."

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தான். புத்தகச் சந்தையில் யாரும் பார்த்திராத முகம் ஒன்று அவனிடம் இருந்தது. அது இப்போது வெளியே வந்தது.

"சரி. காவல்காரிகிட்ட சொல்றேன். இந்த ஊரைக் கட்டினது என் தங்கச்சி. அவ ஒருத்தி மட்டும்தான்."

சொல்லிவிட்டு மேசையின் நடுவில் பார்த்தான், அங்கே உண்மையாகவே ஒரு கதவு இருப்பது போல.

*

பாப்பாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. மறந்துவிட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

ஊர் முழுக்கக் கட்டியாகிவிட்டது. உள்ளே நுழைகிற இடத்தில் மட்டும் என்ன வைப்பது என்று தெரியாமல் வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒத்திகையில் அலுத்துப்போய், கதவுகிட்ட யாராவது நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன் என்றாள். மாடியில் பல் டாக்டர் யாரையோ படுத்தி எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்த படகோட்டி, கிழவி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குப் பல்லே இல்லை, அதனால் காசைக் கடித்துப் பார்த்து வாங்க முடியாது, பொய்யைத்தான் சுங்கமாக வாங்குவாள் என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாப்பா மறுநாள் காலையில் எழுதி முடித்துவிட்டாள்.

நீரடி நகரத்தின் கீழ்ச்சந்தையில் மீன்களை விளக்காகத் தொங்கவிட்டதும் அவன்தான். மூழ்கிய மணி ஒன்று அடித்தால் ஊரில் யாரோ ஒருவர் தன் பெயரை மறந்துவிடுவார் என்றதும் அவன்தான். மேசையில் விழுந்தது மேசைக்காரிக்கு. புத்தகத்தின் முதல் பக்கத்தில் அண்ணன் பெயர் இருந்தது. விற்பனைக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில்.

வந்தவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது பாப்பாவுக்கு. போனில் அந்தக் குட்டிப் புத்தகத்தைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார். 'ஆழத்து மணி.' எழுதியவர்: படகோட்டி. காவல்காரி, கீழ்ச்சந்தை, மணி, மூன்றும் உள்ளே இருந்தன. கூடவே மாமனாரின் பேர்போன அரக்கன் ஒருவன், மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அலை அலையாக ஒரு கோடு ஓடியது. நடுநடுவே அறுந்து அறுந்து போகும் கோடு. அந்தக் கையைப் பாப்பா எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பாள்.

"அண்ணி."

"பக்கம் கட்டினது நான்தான்" என்றாள் அண்ணி.

"அவளை விடு" என்றான் அண்ணன். சட்டென்று, யாரோ துரத்துகிற மாதிரி. "போட்டது நான். என்ன கேக்கணுமோ என்னைக் கேளு."

வந்தவர் எழுந்துகொண்டார். வாசல் வரைக்கும் போய், திரும்பி நின்று, நியாயமாகப் பேசினார். உள்ளே போனதை இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது. அந்த மூன்றையும் அவர் நிறுவனம் தொடாது. ஆனால் மீதி ஊர் வேண்டும், கட்டாயம் வேண்டும். காவல்காரியை எடுத்துவிட்டு வேறு வாசல் வையுங்கள் என்றார். சாயங்காலத்துக்குள் ஒரு பத்திரம் அனுப்புவார். மீதியுள்ள ஊர் முழுவதும் தங்கை ஒருத்தியின் கற்பனை, அதில் வேறு யாருக்கும் ஒரு பங்கும் இல்லை, இனி கேட்கவும் மாட்டோம் என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"மூணு கையெழுத்தும் வேணும்" என்றார். "ஒண்ணு குறைஞ்சாலும் எங்க வக்கீல் விடமாட்டார்."

*

மதியம் யாரும் சாப்பிடவில்லை. அண்ணி தட்டுகளை எடுத்து வைத்தாள், பிறகு அவளே திரும்ப அடுக்கினாள்.

பாப்பா போனில் 'ஆழத்து மணி'யை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். மோசமாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நன்றாக இருந்தது. பெயரை மறந்துபோன ஒரு பெண்ணை அவள் மகளே வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று நினைத்து உபசரிக்கிற இடத்தில், பாப்பா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

கீழே வாசகர்கள் எழுதியிருந்தார்கள். படகோட்டி யார், அடுத்தது எப்போது, இவரை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்று.

இந்தக் கதையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுதி முடித்த தாள்களை ஓர் அட்டைக்குள் வைத்து, இரண்டு கைகளாலும் கொண்டுவந்து நீட்டினான் அண்ணன். ஒத்திகைக்கு வந்தவர்கள் நாலு பேர் சுற்றி நிற்க, பாப்பா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, அட்டையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, 'அண்ணா, நீ பெட்டி கட்டறதைப் பாரு, எழுதறதை நான் பாக்கறேன்' என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துக்கொண்டே ஒட்டுநாடாவைத் தேடி எடுத்தான்.

சிரித்தான் என்பதுதான் அவளுக்கு நினைவில் இருந்தது.

ஆனாலும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. திட்டியிருக்கலாமே, சண்டை போட்டிருக்கலாமே, பேசாமல்கூட இருந்திருக்கலாமே. ஒரு செங்கல்கூடப் போகக் கூடாது என்று சொன்ன ஊரின் வாசற்கதவையே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பானா ஒருவன்? போனில் அவ்வளவு தெளிவாகப் பொய் சொல்லுவானா?

கேட்டாள். அண்ணன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"சொன்னா இந்தச் சான்ஸ் போயிடும்னு பயந்தேன்" என்றான். "ஊரு உனக்கு உயிரு. அது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதானே பண்ணின."

"ம்."

"உன்னைப் பத்தி ஒருத்தர் நாலு வார்த்தை நல்லதாச் சொல்லணும்னு என் வீட்டை இடிச்சிருக்க."

அண்ணன் கண்ணை மட்டும் ஒரு நொடி தூக்கி, அடுத்த அறையைப் பார்த்தான். அங்கே அண்ணி கம்ப்யூட்டரில் காவல்காரியை ஊரிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தாள். காவல்காரி போனதும் கதவு போனது. கதவு போனதும் அதைச் சுற்றி இருந்த தெரு ஒன்று பக்கத்தில் அநாதையாகத் தொங்கியது. கீழ்ச்சந்தை போனது. அங்கே கடை வைத்திருந்தவர்களுக்கு இனி எந்த ஊரும் இல்லை. மணியை எடுத்தபோது கடைசி அத்தியாயம் முழுவதும் ஏன் நடக்கிறது என்றே புரியாமல் போனது.

"இன்னும் எத்தனை பக்கத்துல வருவாரு உங்க அண்ணன்?" என்று அண்ணி திரும்பாமலே கேட்டாள்.

கேலியா, கேள்வியா? பாப்பா கேட்காதவள் போல நகர்ந்துவிட்டாள்.

*

பத்திரம் வந்தது. அண்ணி அச்செடுத்து மேசையில் வைத்தாள். காலையில் ஆடிய பகடைகள் எடுக்கப்படாமல் அங்கேயே கிடந்தன.

பாப்பா முதலில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை அண்ணன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் ஒவ்வொரு வரியாகப் படித்தான். கதை மட்டும் வாசிக்கிற ஆள், இதை வரி விடாமல் வாசித்தான். பிறகு பேனாவைத் தொடாமல் நிமிர்ந்தான்.

"நான் காலைல சுங்கம் கட்டினேன். காவல்காரி இன்னும் பதில் சொல்லல."

"அண்ணா, இது விளையாட்டு இல்ல."

"நானும் விளையாடல. அந்த வரியைத்தான் இங்க எழுதியிருக்காங்க. தங்கச்சி ஒருத்தி மட்டும்தான்னு. அங்க சொன்னேன், இங்கயும் கேக்கறாங்க. கதவு திறந்துச்சா இல்லையா, அதைச் சொல்லிடு. போடறேன்."

பாப்பாவுக்குக் கணக்கு புரிந்தது. கதவு பொய்க்குத்தான் திறக்கும். திறந்தது என்று சொன்னால் அவன் சொன்னது பொய். இந்த ஊரில் அவன் பங்கு இருக்கிறது என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். அதற்குப் பிறகு இந்தப் பத்திரத்தில் அவனை எந்த முகத்தோடு கையெழுத்துக் கேட்பது? திறக்கவில்லை என்றால் அவன் சொன்னது உண்மை. ஊர் அவளுடையது. வெளியே தனிக்குடித்தனம். எல்லாம் நடக்கும்.

அவன் பணமோ பெயரோ கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டான். அதுவும் பல் இல்லாத ஒரு கிழவியின் வாயால் சொன்னால் போதும் என்றான்.

மாடியில் பல் டாக்டர் கடையைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"திறக்கல" என்றாள் பாப்பா.

அண்ணன் தலையை ஆட்டினான். அவன் எதிர்பார்த்ததுதான் என்பது போல. இல்லை, கடைசி வரைக்கும் எதிர்பார்க்கவில்லை என்பது போல. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். எப்போதும் கூரியர் ரசீதில் போடுகிற அதே அவசரக் கையெழுத்து.

"முடிஞ்சது" என்று எழுந்தான். "நல்லா இரு பாப்பா."

பாப்பா பத்திரத்தை அண்ணி பக்கம் திருப்பினாள். மூன்றாவது இடம் மட்டும் காலியாக இருந்தது.

அண்ணி உட்கார்ந்தாள். பேனாவை வாங்கிக்கொண்டாள். எழுதவில்லை.

"நானும் காலைல கதவுகிட்டதான் நின்னேன்" என்றாள். "வரைபடம் விக்கறவ. என்கிட்ட யாரும் சுங்கமே கேக்கல."

"அண்ணி, ப்ளீஸ். போட்டுடுங்க."

"என் முறையும் வரட்டுமே. அவர் சொன்ன பொய்யைக் கேட்ட. நான் சொல்றதையும் கேளு."

"நீ சும்மா இரு" என்றான் அண்ணன். வாசலுக்குப் போனவன் திரும்பி நின்றிருந்தான். அவன் மனைவியிடம் அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. "சும்மா இருன்னு சொல்றேன்ல."

அண்ணி அவனைப் பார்க்கவே இல்லை. பாப்பாவின் கண்ணை மட்டும் பார்த்தாள்.

"எழுதிக்கோ காவல்காரி. நீ அட்டையைத் தூக்கி அவர் கையிலயே திருப்பிக் கொடுத்த அன்னிக்கு ராத்திரியே அந்தக் கதையை உள்வீட்டுல போட்டது உங்க அண்ணன்தான்."

பாப்பாவின் கை பத்திரத்தின் மேல் அப்படியே நின்றது.

காலையில் காகித ஊக்கைத் தேடிய மனிதன். ஒரு படத்தை மெயிலில் சேர்க்கத் தெரியாதவன். கடவுச்சொல் ஒன்றுகூடத் தெரியாதவன். உள்வீட்டுக்குள் புத்தகம் ஏற்ற எத்தனை பக்கம் நிரப்ப வேண்டும், எத்தனை இடத்தில் அழுத்த வேண்டும் என்பது பாப்பாவுக்குத் தெரியும். இந்த வீட்டில் அதைச் செய்யத் தெரிந்த விரல்கள் யாருடையவை என்பதும் தெரியும்.

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பத்திரத்தில் அவன் கையெழுத்து இன்னும் காயவில்லை.

அண்ணி பேனாவின் மூடியை மூடி, பகடைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன பாப்பா," என்றாள். "கதவு திறந்துடுச்சா?"